பிராஸ் பாசாவில் பாடியவர்களும் தேக்காவில் பதிந்தவர்களும்

1990இல் லியாங் வென் ஃபுக் எழுதிய ஒரு சீனப் பாட்டு 2013 வரை சிங்கப்பூர் வானொலியில் ஒலிக்கவில்லை. அதில் ஆபாசமும் இல்லை, அரசியலும் இல்லை. மாண்டரின் வரிகளுக்கு நடுவே சில கான்டனீஸ் வரிகள் இருந்தன, அவ்வளவுதான். சீனக் கிளைமொழிகளை ஒலிபரப்பிலிருந்து ஒதுக்கி வைத்திருந்த காலம் அது. தடை நீங்கியபோது பாட்டு புதிதாக யாருக்கும் அறிமுகமாக வேண்டியிருக்கவில்லை. கேட்டவர்கள் அதை மறக்கவே இல்லை.

லியாங் 1964இல் பிறந்தவர். தானே எழுதி, தானே மெட்டமைத்துப் பாடுகிறவர். அவர் வளர்ந்த 'சின்யாவ்' என்ற பாட்டு வகை 1980களின் தொடக்கத்தில் தொடக்கக் கல்லூரி மாணவர்களிடம் பிறந்தது. தைவான் கல்லூரி மாணவர்களின் நாட்டுப்புறப் பாணிப் பாட்டுகளைக் கேட்டு வளர்ந்த பிள்ளைகள், 'நம் ஊரைப் பற்றி நாமே பாடினால் என்ன?' என்று கிளம்பினார்கள். பிராஸ் பாசா காம்ப்ளெக்ஸ் அன்றும் இன்றும் புத்தகக் கடைகளுக்குப் பேர்போன இடம். அதன் தரைத்தள முற்றத்தில் நின்றபடி பாடினார்கள். மேடை அலங்காரம் கிடையாது. தேர்வு, நட்பு, பிரிவு, அடுக்குமாடி வீடு இவைதான் பாடுபொருள். 1990களில் திறமைசாலிகள் தைவான் சந்தைக்குப் போக, அலை அடங்கியது.

அடங்கியதே தவிர அழியவில்லை. இதைத்தான் நான் வலியுறுத்திச் சொல்ல விரும்புகிறேன். பழைய கேசட்டுப் பாட்டுகள் குறுந்தட்டுத் தொகுப்புகளாகத் திரும்ப வந்தன. 2007இல் லியாங்கின் பாட்டுகளைக் கோத்து ஓர் இசைநாடகமே அரங்கேறியது. 2010இல் அவருக்குக் கலாசாரப் பதக்கம் கிடைத்தது. 2014இல் அதே பிராஸ் பாசா முற்றத்தில் இலவசக் கச்சேரி நடந்தபோது மாடி வராந்தாக்கள் வரை கூட்டம் நிரம்பியது. அடுத்த ஆண்டு ஈவா டாங் இந்தப் பாட்டு இயக்கத்தைப் பற்றிய ஆவணப்படத்தை வெளியிட்டார். இப்போது பள்ளிப் பிள்ளைகள் அந்தப் பாட்டுகளைப் பாடுகிறார்கள்.

சின்யாவ் பிறந்த அதே ஆண்டுகளில் சிங்கப்பூர்த் தமிழர்களான நாம் என்ன செய்துகொண்டிருந்தோம்?

நாமும் பாடிக்கொண்டுதான் இருந்தோம். தேக்காவில், சிராங்கூன் ரோட்டில் என் மாமாவின் கேசட் கடையில் பள்ளி முடிந்து வந்து நின்றவன் நான். வாடிக்கையாளர் தாளில் பாட்டுப் பட்டியல் எழுதித் தருவார். அறுபது நிமிடமா தொண்ணூறா என்று கேட்டு, இசைத்தட்டிலிருந்து பதிந்து கொடுப்போம். பட்டியலில் பெரும்பாலும் எம்.எஸ்.வி., இளையராஜா. எப்போதாவது ஒருவர், "நேத்து ரேடியோவுல நம்ம ஊரு ஆளு பாடுனாரே, அது இருக்கா தம்பி?" என்பார். இருக்காது. உள்ளூர் மெல்லிசை வானொலியில் வரும், போய்விடும், கடைக்கு வராது. 1987இல் புதிய காப்புரிமைச் சட்டம் வந்ததும், கேட்ட பாட்டைப் பதிந்து தரும் தொழில் முடிவுக்கு வந்தது. சட்டம் நியாயமானதுதான். ஆனால் உள்ளூர்ப் பாட்டை யாராவது கேட்டார்கள் என்பதற்கு இருந்த ஒரே தடயமான அந்தத் தாள்களும் குப்பைக்குப் போயின.

கவிஞர் க.து.மு. இக்பாலை எடுத்துக்கொள்ளுங்கள். 1970களிலும் 80களிலும் சிங்கப்பூர் வானொலிக்கு 200க்கும் மேற்பட்ட சிறுவர் பாடல்கள் எழுதியவர். சின்யாவ் பிறந்து வளர்ந்ததும் இந்தக் காலத்தில்தான். அவருக்கும் 2014இல் கலாசாரப் பதக்கம் கிடைத்தது. அந்தப் பாடல்களைப் பாடிய பிள்ளைகள் இன்று பேரன் பேத்தி எடுத்திருப்பார்கள். அவற்றில் இருபதை ஒரு தொகுப்பாக இன்று கடையில் கேட்டு வாங்க முடிகிறதா?

தப்பிப் பிழைத்ததும் உண்டு. நாடு விடுதலை பெற்ற புதிதில் எஸ். ஜேசுதாசன் இயற்றிய 'முன்னேறு வாலிபா'வைச் சீன, மலாய்ப் பிள்ளைகளும் தேசிய தின மேடையில் தமிழிலேயே பாடுகிறார்கள். 1988இல் தொடங்கிய 'சிங் சிங்கப்பூர்' இயக்கம் நான்கு மொழிப் பாடல்களையும் பாட்டுப் புத்தகத்தில் சேர்த்துப் பள்ளி பள்ளியாகக் கொண்டுபோனது. எல்லோரும் எடுத்துப் பாடும்படி அச்சிலும் ஒலியிலும் கைக்கு எட்டியதால்தான் 'முன்னேறு வாலிபா' இன்றும் வாழ்கிறது. ஷபீர் 2012இல் தந்த 'சிங்கை நாடு' போன்ற இந்தக் காலப் பாட்டுகளுக்கு இணையம் இருக்கிறது. ஆபத்தில் இருப்பது நடுவில் வந்த இருபது, இருபத்தைந்து ஆண்டுகள். கேசட்டின் காலம் அது.

கேசட்டின் முதுகில் இரண்டு ஓரத்திலும் சின்னதாக ஒரு பிளாஸ்டிக் நாக்கு இருக்கும். அதை ஒடித்துவிட்டால் அதன்மேல் வேறு எதையும் பதிய முடியாது. கடையில் விற்ற சினிமாக் கேசட்டுகளில் நாக்கு இருக்காது. தயாரித்தவர்கள் பாதுகாப்போடுதான் அனுப்பினார்கள். வானொலியிலிருந்தோ மேடையிலிருந்தோ நாமே பதிந்தவற்றில் நாக்கு அப்படியே இருக்கும். தீமிதி மேடையில் பாடிய உள்ளூர்க் குழுவின் பாட்டுக்கு மேல் அடுத்த வாரம் புதுப்படப் பாட்டைப் பதிந்துவிடுவார்கள். அழியாமல் தப்பியவற்றை நம் ஊர்ப் புழுக்கம் பிடித்துக்கொண்டது. கேசட்டின் கண்ணாடி வழியே பார்த்தால் நாடாச் சுற்றின் ஓரத்தில் வெள்ளைத் தூள் படிந்ததுபோல் தெரியும். அது பூஞ்சை.

மலாய்ப் பாட்டுக்கும் நல்ல காலம் பிறந்தது. 1960களில் சிங்கப்பூரும் மலேசியாவும் ஆடிப் பாடிய 'பாப் யே யே' பாட்டுகளை 2014இல் ஓர் அமெரிக்க நிறுவனம் தேடித் திரட்டி மறுவெளியீடு செய்தது. இசைத்தட்டுகள் அழியாமல் இருந்ததால்தான் திரட்டுவதற்கு ஏதோ கிடைத்தது. வாணிபம், விளம்பரம், அரசு உதவி எல்லாம் பிறகு வருபவை. மூலப் பிரதி கையில் இருக்க வேண்டும்.

நம்மால் முடியாததும் அல்ல. 2015இல் நாட்டின் பொன்விழாவை ஒட்டித் தமிழ்த் தன்னார்வலர்கள் தேசிய நூலகத்தோடு கைகோத்து, விடுதலைக்குப் பிந்தைய சிங்கப்பூர்த் தமிழ் இலக்கிய நூல்களை மின்னாக்கம் செய்தார்கள். பிறகு நாடகம், இசை, நடனம் என்று பணி விரிந்தது. அந்தப் பணிக்குத் தீனி நம் வீட்டு அலமாரிகளில்தான் இருக்கிறது.

உள்ளூர்ப் பாட்டோ, வானொலி நிகழ்ச்சியோ, கோவில் மேடைக் கச்சேரியோ பதிந்த கேசட் உங்கள் வீட்டில் இருந்தால், ஆசைப்பட்டு ஓட்டிப் பார்க்காதீர்கள். பூஞ்சை பிடித்த நாடா ஒட்டிக்கொண்டு அறுந்துவிடும். நாக்கை ஒடித்து, உலர்ந்த பெட்டியில் வையுங்கள். பாடியவர், எழுதியவர், மெட்டமைத்தவர் பெயர்களைப் பெரியவர்களிடம் கேட்டு உறையில் எழுதுங்கள்; அவர்கள் இருக்கும்போதே கேளுங்கள். பிறகு விக்டோரியா ஸ்திரீட்டில் உள்ள தேசிய நூலகத்திடம் பேசுங்கள்.