முன்பக்கச் சத்தம்: பழைய கார்களில் சஸ்பென்ஷன், ஸ்டீயரிங் பழுதறிதல்

முன்பக்கச் சத்தம் என்பது காரின் முன்சக்கரங்களைத் தாங்கும் சஸ்பென்ஷனிலோ அவற்றைத் திருப்பும் ஸ்டீயரிங்கிலோ ஏதோ ஓர் இணைப்பு தேய்ந்து, தளர்ந்த இடைவெளியில் இரும்பும் இரும்பும் மோதுவதால் எழும் ஒலி. பட்டறையில் இதை ‘அடியில தட்டுது’ என்பார்கள். இந்தத் தேய்மானத்தைக் கண்டறிய மலைச்சாலை உதவும். கிழக்குத் தொடர்ச்சி மலையைச் சேர்ந்த ஜவ்வாது மலை திருவண்ணாமலை, திருப்பத்தூர், வேலூர் மாவட்டங்களில் பரந்து கிடக்கிறது. போளூரிலிருந்து ஜமுனாமரத்தூருக்கும், ஆலங்காயத்திலிருந்து காவலூருக்கும், திருப்பத்தூரிலிருந்து புதூர்நாட்டுக்கும் ஏறும் சாலைகளில் ஏற்றம், இறக்கம், கொண்டை ஊசி வளைவு, பெயர்ந்த தார், வேகத்தடை எல்லாம் ஒரே பயணத்தில் வந்துவிடுகின்றன. சமவெளியில் மாதக்கணக்கில் மறைந்திருக்கும் தேய்மானம் இங்கே ஒரே நாளில் வெளியே வரும். அதனால் இந்த மலைச்சாலையையே ஒரு சோதனைக்களமாகப் பயன்படுத்தலாம். அதற்கு ஒரு பழக்கத்தை மட்டும் மாற்றிக்கொள்ள வேண்டும்: சத்தம் எங்கிருந்து வருகிறது என்று தேடுவதற்கு முன்னால், எப்போது வருகிறது என்று கேட்க வேண்டும்.

காது இந்த விஷயத்தில் எளிதில் ஏமாறும். மாருதி 800 போன்ற கார்களில் தனிச் சேசிஸ் கிடையாது. தகட்டு உடலே சேசிஸாகவும் இருக்கிறது. சக்கரத்தை உடலோடு கீழ்ப்பக்கம் இணைக்கும் லோயர் ஆர்மில், வலப்பக்கத்தில் விழும் தட்டு அந்தத் தகட்டின் வழியே பரவி, ஓட்டுநரின் இடது காலடியில் கேட்கக்கூடும். டிக்கியில் கட்டாமல் கிடக்கும் ஜாக்கியும், சரியாக இறுக்காத பேட்டரியும், சைலன்சரைத் தாங்கும் ரப்பர் அறுந்ததும்கூட முன்பக்கச் சத்தம்போலவே கேட்கும் என்பதால் முதலில் இவற்றைப் பார்த்துவிட வேண்டும். ஆனால் நேரம் ஏமாற்றாது. சஸ்பென்ஷனில் ஒவ்வொரு உறுப்பும் குறிப்பிட்ட திசையிலிருந்து வரும் விசையைத் தாங்கவே வைக்கப்பட்டிருக்கிறது. அந்தத் திசையில் விசை ஏறும்போதும் இறங்கும்போதும்தான் அதன் ஆட்டம் ஒலியாகும். எனவே சத்தம் வரும் தருணத்தைச் சரியாகச் சொல்லத் தெரிந்தால், சந்தேகப் பட்டியல் இரண்டு மூன்று உறுப்புகளாகச் சுருங்கிவிடும்.

பிரேக்கை எடுத்துக்கொள்வோம். காவலூரிலிருந்து ஆலங்காயத்துக்கு இறங்கும்போது பிரேக்கை அழுத்தியதும் ஒரே ஒரு ‘டொக்’, விட்டதும் இன்னொன்று என்றால், சக்கரம் முன்னும் பின்னும் நகர இடம் கிடைத்திருக்கிறது என்று பொருள். அதைத் தடுக்க வேண்டியது லோயர் ஆர்மின் ரப்பர் புஷ். மாருதி 800 இல் ஸ்டெபிலைசர் பாருக்கு இரட்டை வேலை: வளைவில் கார் சாய்வதைக் குறைப்பதோடு, லோயர் ஆர்ம் பின்னால் போகாமல் பிடித்துக்கொள்வதும் அதுவே. ஆகவே அந்தக் காரில் பாரின் முனைப் புஷ் நைந்தால் பிரேக் பிடிக்கும்போது தட்டும். வேறு அமைப்புள்ள காரில் தட்டாது. ஒரே அடையாளம் எல்லா வண்டிக்கும் பொருந்தும் என்று எண்ணுவது தவறு என்பதற்கு இது போதும். இன்னொரு நுட்பம்: பெயர்ந்த சாலையில் ‘லொட லொட’ என்று வரும் சத்தம், பிரேக் பெடலை லேசாகத் தொட்டதும் நின்றுவிட்டால், அது சஸ்பென்ஷனே அல்ல. பிரேக் பேடோ காலிப்பரோ ஆடுகிறது. இந்த ஒரு சோதனையைச் செய்யாமல் ஷாக் அப்சார்பரை மாற்றிப் பணத்தை இழப்பவர்கள் உண்டு.

வேகத்தடையும் பள்ளமும் ஒன்றல்ல. நேராக ஏறும் வேகத்தடையில் இரண்டு முன்சக்கரங்களும் ஒன்றாக எழும். ஸ்டெபிலைசர் பார் முறுக்கப்படாமல் தன் இருப்பிடத்திலேயே சுழலும், அதைச் சஸ்பென்ஷனோடு இணைக்கும் லிங்க் ராடுகளில் பெரிதாக விசை ஏறாது. ஒரு சக்கரம் மட்டும் பள்ளத்தில் இறங்கும்போது பார் முறுக்கிக்கொள்ளும். ஆகவே வேகத்தடையில் அமைதியாகவும் ஒற்றைப் பள்ளத்தில் தட்டியும் போகும் காரில் முதல் சந்தேகம் லிங்க் ராடு மேல். இரண்டிலும் தட்டினால் ஷாக் அப்சார்பரையும் அதன் மேல்முனையில் இருக்கும் ஸ்ட்ரட் மவுண்ட்டையும் பார்க்க வேண்டும். வண்டி நின்றிருக்கும்போது ஸ்டீயரிங்கை ஒடித்தால் ‘டங்’ என்று ஸ்பிரிங் துள்ளுவதும் ஸ்ட்ரட் மவுண்ட்டின் பேரிங் இறுகிவிட்டதன் அடையாளமே. ஒருவர் ஸ்டீயரிங்கைத் திருப்ப, இன்னொருவர் ஸ்பிரிங் மேல் கை வைத்தால் அந்தத் துள்ளல் உள்ளங்கைக்குத் தெரியும். கொண்டை ஊசி வளைவில் ஆக்சிலரேட்டரை அழுத்தும்போது சக்கரம் சுற்றும் வேகத்துக்கு ஏற்ப ‘டக் டக் டக்’ என்று தொடர்ந்து வருவது, முன்சக்கர இழுவை வண்டிகளில் பெரும்பாலும் வெளிப்புற சிவி ஜாயிண்ட்.

மலையில் எல்லா விசைகளும் கலந்தே வருகின்றன, ஒரு வளைவில் பிரேக்கும் பள்ளமும் திருப்பமும் சேர்ந்துவிட்டால் எதை எதிலிருந்து பிரிப்பது என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அதற்குப் பதில், ஒன்றை மட்டும் மாற்றி மறுபடி ஓட்டிப் பார்ப்பதுதான். அதே வளைவை முன்கூட்டியே வேகத்தைக் குறைத்துக்கொண்டு, பிரேக் தொடாமல் கடந்து பார்க்கலாம். பிறகு ஜமுனாமரத்தூரில் சமதளமான இடத்தில், மெதுவாக முன்னால் நகர்ந்து பிரேக், பின்னால் நகர்ந்து பிரேக் என்று தனியாகச் செய்யலாம். கலந்து வந்த சத்தம் இப்படித்தான் பிரியும்.

இன்னொரு வாதம் பட்டறையிலிருந்து வருவது: ஜாக்கி போட்டுத் தூக்கிச் சக்கரத்தை ஆட்டினால் தெரிந்துவிடும், இவ்வளவு யோசனை எதற்கு? ஆட்டிப் பார்க்கத்தான் வேண்டும். ஆனால் எப்படித் தூக்குகிறோம் என்பதில்தான் விடை இருக்கிறது. ஸ்பிரிங் லோயர் ஆர்ம் மேல் உட்காரும் வண்டியை உடலைப் பிடித்துத் தூக்கினால், ஸ்பிரிங் ஆர்மைக் கீழே தள்ளி, ஆர்மையும் சக்கரத்தைத் தாங்கும் நக்கிளையும் இணைக்கும் பால் ஜாயிண்ட்டை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும்; தேய்ந்த ஜாயிண்ட் நல்ல ஜாயிண்ட்போல நடிக்கும். அங்கே ஜாக்கி ஆர்முக்கு அடியில் போக வேண்டும். ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் ஒன்றாக அமைந்த ஸ்ட்ரட் வண்டியில் ஸ்பிரிங்கின் பாரம் மேல் மவுண்ட்டுக்குப் போய்விடுவதால் உடலைத் தூக்கினாலே போதும். ஆர்முக்கும் நக்கிளுக்கும் இடையில் கம்பி கொடுத்து நெம்பினால் ஆட்டம் தெரியும். எப்படித் தூக்கினாலும் ஸ்டாண்ட் கொடுக்காமல் ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் போகக் கூடாது. சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டும்போது அசைவு இருந்தால், ஒருவரைப் பிரேக்கை அழுத்தச் சொல்ல வேண்டும்: அசைவு நின்றால் வீல் பேரிங், நிற்காவிட்டால் பால் ஜாயிண்ட். இடமும் வலமும் பிடித்து ஆட்டும்போது மட்டும் அசைந்தால், ஸ்டீயரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராடு எண்ட் அல்லது ரேக்கின் உள் ஜாயிண்ட்.

பழைய மஹிந்திரா ஜீப்களில் முன்பக்கமும் பட்டை ஸ்பிரிங்தான், அதனால் அவற்றின் கதை வேறு. சாமை மூட்டையும் பலாவும் புளியும் ஏற்றி இறங்கும் வண்டிகளில் ஷேக்கில் புஷ் தேய்வது வழக்கம். ஆனால் அதைவிடக் கவலைக்குரியது, ஆக்சிலைப் பட்டையோடு கட்டும் யூ போல்ட் தளர்வது. ஆக்சிலும் பட்டையும் சேரும் இடத்தில் சேறு ஒட்டாமல் பளபளக்கும் ஒரு கோடு அல்லது துருத்தூள் தெரிந்தால், அங்கே இரும்பு நகர்ந்துகொண்டிருக்கிறது. சென்டர் போல்ட் ஒடிந்தால் ஆக்சிலே இடம் மாறும்.

எல்லாவற்றையும் செட்டாக மாற்றிவிட்டால் சத்தம் போய்விடுமே, பழைய காருக்கு எதற்கு ஆராய்ச்சி என்பதே அடிக்கடி கேட்கும் ஆட்சேபம். ஷாக் அப்சார்பரை இரண்டு பக்கமும் சேர்த்து மாற்றுவது சரி. இல்லையென்றால் இரு பக்கமும் வேறுவேறாக நடந்துகொள்ளும். ஆனால் காரணம் தெரியாமல் மாற்றிய பொருள் காரணத்தைத் தீர்ப்பதில்லை. புஷ்ஷின் ரப்பர் இரும்புக் குழாயோடு ஒட்டப்பட்டது. சக்கரம் தொங்கும்போதே அதன் போல்ட்டை முழுதாக இறுக்கிவிட்டால், வண்டியைக் கீழே இறக்கியதும் ரப்பர் முறுக்கிய நிலையிலேயே நிற்கும். சில மாதங்களில் கிழிந்து மறுபடி தட்டும். வண்டியின் எடை சக்கரத்தில் இருக்கும்போதுதான் இறுதியாக இறுக்க வேண்டும். உடைமையாளர் ‘பொருள் மட்டமானது’ என்று கடைக்காரரோடு சண்டை போடுவார்; பொருள்மேல் குற்றம் இல்லை. ஸ்டீயரிங் அல்லது ஆர்ம் உறுப்பு எதை மாற்றினாலும் அலைன்மென்ட் பார்க்காவிட்டால் டயர் ஒரு பக்கமாகத் தேயத் தொடங்கும்.

தகுதிச் சான்றான எஃப்.சி. வாங்கிய கார்தானே என்ற நம்பிக்கையும் கைகொடுக்காது. 15 ஆண்டு முடிந்த சொந்தக் காரின் பதிவு 5 ஆண்டுக்கு ஒருமுறைதான் புதுப்பிக்கப்படுகிறது; ஆய்வும் அப்போதுதான். பால் ஜாயிண்ட்டின் ரப்பர் பூட் ஒரு கல் பட்டாலே கிழியும். கிழிந்த வழியே மழைநீரும் மண்ணும் போய் உள்ளே இருக்கும் கிரீஸை அரைக்கும் பசையாக்கிவிடும். அடுத்த ஆய்வுக்கு அது காத்திராது. மழைக்காலம் முடிந்ததும் இரு பக்கப் பூட்களையும் கையால் அழுத்திப் பார்க்க ஐந்து நிமிடம் போதும்.

எல்லாச் சத்தமும் சம ஆபத்தானது அல்ல. லிங்க் ராடு தட்டுவதோடு ஊர் போய்ச் சேரலாம், நாளை மாற்றலாம். பால் ஜாயிண்ட் கழன்றால் சக்கரம் மடங்கும். டை ராடு எண்ட் கழன்றால் ஒரு சக்கரம் ஸ்டீயரிங்கின் சொல் கேட்காது. ஆகவே சக்கரத்தை ஆட்டும்போது இந்த இரண்டில் எதிலாவது ஆட்டம் கைக்குத் தெரிந்தால், அந்த வண்டியை மலையிலிருந்து ஓட்டி இறக்காதீர்கள். மெக்கானிக்கை மேலே வரவழையுங்கள்.