குறுக்கீட்டின் நடுவே ஒரு பதிவகம்

1959இல் எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தில் அளித்த முனைவர் பட்ட ஆய்வேடு, எலக்ட்ரோலாஜிகா எக்ஸ்1 கணினியின் குறுக்கீட்டு நிரலைப் பற்றியது. குறுக்கீடு எக்கணத்தில் வரும் என்பது நிரலாளருக்குத் தெரியாது. ஆகவே அதனால் விளையும் பிழையை மறுமுறை நிகழ்த்திக் காட்டவும் இயலாது. இதுவே அவரது அச்சம். இடையில் புகும் நிரல், செயலியின் பதிவகங்களில் இருந்தவற்றை எடுத்து வைத்து, திரும்பும்போது இருந்தபடியே வைத்துவிட வேண்டும்.

செயலியின் பதிவகத்தை இவ்வாறு மீட்டுவிடலாம். சாதனத்தின் பதிவகமோ வேறு வகை: அதைப் படிப்பதே சில வேளைகளில் ஒரு செயலாகிவிடும்.

1970இல் வெளிவந்த பி.டி.பி-11, சாதனப் பதிவகங்களுக்கு நினைவக முகவரிகளையே வழங்கியது. செயலியின் நிலைச்சொல்லுக்கும் ஒரு முகவரி உண்டு. எண்ம முறையில் 177776. அதன் மூன்று பிட்டுகள் முன்னுரிமையைக் குறிக்கும். அதனினும் உயர்ந்த முன்னுரிமையுள்ள சாதனமே குறுக்கிட முடியும். யூனிக்ஸ் ஆறாம் பதிப்பில், எழுத்து வரிசையிலிருந்து ஓர் எழுத்தை எடுக்கும் முன் முன்னுரிமை 5க்கு உயர்த்தப்படும். இல்லையேல் அதே வரிசையில் முனையத்தின் குறுக்கீடும் கைவைத்துவிடும்.

பி.டி.பி-11/40இல் இதைச் செய்தவை இரண்டே ஆணைகள். முதலாவது மூன்று பிட்டுகளையும் ஏற்றி முன்னுரிமையை 7 ஆக்கும். இரண்டாவது நடுப் பிட்டை இறக்கி 5 ஆக்கும். ஏன் இந்தச் சுற்றுவழி? புதிய மதிப்பை நேரே எழுதினால் நிலைச்சொல்லின் ஏனைய பிட்டுகள் அழியும். முதலில் அழித்துப் பின்னர் ஏற்றினால், இரண்டு ஆணைகளுக்கும் இடையே முன்னுரிமை பூச்சியமாகி, தடுக்க வேண்டிய குறுக்கீடே உள்ளே வந்துவிடும். ஏற்றி இறக்குவதில் அந்த இடைவெளி இல்லை. 1970களில் ஆஸ்திரேலியாவில் மாணவர்களுக்காக ஜான் லயன்ஸ் உரை எழுதியது இந்த மூலநிரலுக்குத்தான். உரிமக் கட்டுப்பாடுகளால் அவ்வுரை நெடுங்காலம் ஒளிநகலாகவே கைமாறி, 1996இல்தான் முறையாக நூலானது. பாடநூலாக இருக்க வேண்டியதைத் திருட்டுப் பிரதியாகப் படிக்க வைத்த காலம் அது.

பின்னர் சிக்கல் இடம் மாறியது. தேவையற்றது எனக் கருதிய வாசிப்புகளைத் தொகுப்பிகள் நீக்கலாயின. அதைத் தடுக்கும் 'வோலட்டைல்' என்ற சொல் 1989ஆம் ஆண்டின் சி மொழித் தரத்தில் இடம்பெற்றது. பி.சி.ஐ. பாட்டையில் வேறொரு தொல்லை. சாதனத்தின் குறுக்கீட்டை அணைக்க எழுதிய மதிப்பு வழியில் தங்கிவிட, நிரல் திரும்பிய உடனே அதே குறுக்கீடு மீண்டும் எழும். எழுதிய பின் அதே சாதனத்திலிருந்து ஒரு முறை படித்தால், அந்த எழுத்து போய்ச் சேர்ந்துவிடும்.

சென்னை ஐ.ஐ.டி.யில் 2014இல் தொடங்கிய சக்தி செயலித் திட்டம் ரிஸ்க்-வி கட்டமைப்பைச் சார்ந்தது. அக்கட்டமைப்பின் 'ஃபென்ஸ்' ஆணை, நினைவக அணுகலையும் சாதன அணுகலையும் தனித்தனியே பிரித்து வரிசைப்படுத்த இடமளிக்கிறது. அதன் குறுக்கீட்டுக் கட்டுப்பாட்டகத்தில் உரிமைகோரும் பதிவகம் ஒன்று உண்டு. அதைப் படித்தால், காத்திருக்கும் குறுக்கீடுகளுள் முன்னுரிமை மிக்கதன் எண் கிடைக்கும். அக்கணமே அது காத்திருப்பிலிருந்து நீங்கும். ஒரே குறுக்கீட்டுக்காக இரு கருவகங்கள் படித்தால், ஒன்றுக்கு எண், மற்றதற்குப் பூச்சியம். வேலை முடிந்ததும் அதே எண்ணை அதே பதிவகத்தில் எழுத வேண்டும். பி.டி.பி-11இல் நிரலாளர் ஆணைகளின் வரிசையால் காத்ததை, இங்கே வன்பொருளின் இலக்கணமே பெரும்பகுதி காக்கிறது.

முழுவதும் அன்று. பிழை தேடும் மாணவர் ஒருவர், மதிப்பைப் பார்ப்பதற்காக மட்டும் அப்பதிவகத்தை இன்னொரு முறை படித்துத் திரையில் அச்சிட்டால், அடுத்துக் காத்திருந்த குறுக்கீடு அவர் கைக்கு வந்துவிடும். அது முடிந்ததென்று எழுத எவருமில்லை. அவ்வாறு எழுதும் வரை அந்தச் சாதனத்திலிருந்து மறு குறுக்கீடு வராது. அச்சிடும் வரியை நீக்கிவிட்டுப் பார்த்தால் பிழையும் இருக்காது.