சிவகாசியில் வென்ற சுதந்திரா: 1967, 1971 தேர்தல்களும் மிதவாதப் பழமைவாதமும்

1967 பிப்ரவரியில் நடந்த பொதுத்தேர்தலில் விருதுநகர் சட்டமன்றத் தொகுதியில் கு. காமராஜ் தோற்றார். மாணவர் போராட்டத்திலிருந்து வந்த தி.மு.க. வேட்பாளர் பெ. சீனிவாசன் அவரை 1,285 வாக்கு வித்தியாசத்தில் வென்றார். அதே தேர்தலில் சிவகாசி நாடாளுமன்றத் தொகுதியைச் சுதந்திராக் கட்சியின் பி. ராமமூர்த்தி கைப்பற்றினார். முதல் முடிவைப் பற்றிப் பேசாதவர் இல்லை. இரண்டாவது ஏறக்குறைய மறந்தே போயிற்று. ஆனால் மிதவாதப் பழமைவாதம் இந்த வட்டாரத்தில் எங்கே நின்றது, ஏன் நிலைக்கவில்லை என்பதை அறிய அந்த இரண்டாவது முடிவையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

விருதுபட்டி என்ற பெயர் விருதுநகர் ஆவதற்கு முன்பே அங்கே வணிகர்களின் உறவின்முறை வலுவான அமைப்பாக இருந்தது. கடையில் நடக்கும் கொள்முதலுக்கும் விற்பனைக்கும் ஏற்ப ஒரு சிறு தொகை மகமையாக ஒதுக்கப்படும். அந்தப் பணத்தில் பள்ளி, கிணறு, கோயில் காரியங்கள் நடந்தன. 1889-இல் தொடங்கிய சத்திரிய வித்தியாசாலைக்கு வீடுதோறும் உலை வைக்கும் முன் ஒரு பிடி அரிசி எடுத்துத் தனியே போட்டு வைத்தார்கள். அந்தப் பிடி அரிசியில் நடந்த பள்ளியில்தான் காமராஜும் படித்தார். சர்க்காரை எதிர்பார்க்காமல் ஊர் தன் காரியத்தைத் தானே பார்த்துக்கொள்வது, சிக்கனம், கடன்பட அஞ்சுவது, கோயில் கொடையை விடாமல் நடத்துவது என்ற இந்த வாழ்முறை எந்தக் கட்சியின் கொள்கையும் அல்ல. காங்கிரஸ்காரர், நீதிக்கட்சிக்காரர், சுயமரியாதைக்காரர் எல்லாரும் அதற்குள்தான் வளர்ந்தார்கள்.

சிவகாசியின் தொழிலும் அந்த மண்ணில் விளைந்ததே. பி. அய்ய நாடாரும் அ. சண்முக நாடாரும் 1922-இல் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்தனர். தீப்பெட்டியைத் தொடர்ந்து பட்டாசும் அச்சுத்தொழிலும் பெருகின.

1955-இல் ஆவடியில் காங்கிரஸ் சோஷலிச பாணிச் சமுதாயத்தை இலக்காக ஏற்றது. 1959 ஜனவரியில் நாகபுரி மாநாடு கூட்டுறவுப் பண்ணை முறையை ஆதரித்துத் தீர்மானம் போட்டது. நிலத்தையும் தொழிலையும் அரசு விழுங்கிவிடும் என்று அஞ்சிய ராஜாஜி, அதே ஆண்டில் என்.ஜி. ரங்கா, மினு மசானி முதலியோருடன் சேர்ந்து சுதந்திராக் கட்சியைத் தொடங்கினார். பர்மிட்டும் லைசென்சும் கோட்டாவும் நாட்டை ஆள்கின்றன என்ற அவருடைய குற்றச்சாட்டு, ஒவ்வொரு கட்டத்திலும் அனுமதிக்குக் காத்திருந்த தொழில்முனைவோருக்குத் தங்கள் மனக்குறையாகவே கேட்டிருக்கும்.

ஆனால் சிவகாசியில் அந்த வாதம் முழுமையாகப் பொருந்தவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். இயந்திரத்தில் உற்பத்தி செய்த விம்கோ போன்ற பெரிய நிறுவனத்தோடு, கையால் குச்சி அடுக்கிய சிறு ஆலைகள் போட்டியிட முடிந்ததற்கு, சிறு உற்பத்தியாளருக்குக் குறைவாக வைக்கப்பட்ட கலால் வரி ஒரு முக்கியக் காரணம். பட்டாசு ஆலையில் ஒரு மருந்து அறைக்குள் நான்கு பேருக்கு மேல் இருக்கக் கூடாது. அறைக்கும் அறைக்கும் நடுவே இடைவெளி வேண்டும். இந்த விதிகள் உயிரைக் காக்க வந்தவை. லைசென்சைத் தொல்லை என்று மட்டும் பார்த்த பழமைவாதம் தொழிலாளியின் பக்கத்தைப் போதுமான அளவு எண்ணிப் பார்க்கவில்லை. அதன் பெரிய குறை இதுவே.

1967-இல் ராஜாஜி தி.மு.க.வோடு கைகோத்தார். ஒரே கட்சி நீண்ட காலம் ஆள்வது ஜனநாயகத்துக்கு ஆபத்து என்பது அவருடைய உறுதியான கருத்து. 1965-இன் இந்தித் திணிப்பு எதிர்ப்பிலும் இருவரும் ஒரே பக்கம் நின்றனர். அரிசித் தட்டுப்பாட்டால் வெறுத்துப்போன மக்களிடம் ரூபாய்க்கு மூன்று படி அரிசி லட்சியம், ஒரு படி நிச்சயம் என்றது தி.மு.க. விளைவு: தி.மு.க. 137, காங்கிரஸ் 51, சுதந்திரா 20. வாக்கு விகிதத்தில் காங்கிரஸ் சுமார் 41 சதவீதத்துடன் தி.மு.க.வுக்குச் சற்றே மேலே இருந்தது. எதிர்வாக்குகளை ஒரே பெட்டியில் சேர்த்த கூட்டணிதான் இடங்களைத் தீர்மானித்தது.

தோல்வியை மக்கள் தீர்ப்பாக ஏற்ற காமராஜ், புதிய அரசுக்குச் சில மாத அவகாசம் கொடுக்க வேண்டும் என்றார். விதி மீறாமல் ஆட்சி மாறியதும், தோற்றவர் அதை முணுமுணுப்பின்றி ஏற்றதும் பழமைவாதியும் போற்ற வேண்டிய பண்புகள். வென்ற பக்கத்தில்தான் கணக்கு பிசகியது. தி.மு.க.வுக்குத் தனிப் பெரும்பான்மை கிடைத்ததால் ஆட்சி அமைக்கச் சுதந்திராவின் 20 பேர் தேவைப்படவில்லை. கூட்டாளியை மட்டுப்படுத்தி வைக்கலாம் என்ற எதிர்பார்ப்புக்குப் பிடிமானமே இல்லாமல் போயிற்று.

1969-இல் வங்கிகள் தேசியமயமாயின, காங்கிரஸ் பிளந்தது. 1971 தேர்தலில் ராஜாஜியும் காமராஜும் ஒரே மேடை ஏறினர். 1954-இல் கல்வித் திட்டச் சர்ச்சையில் ராஜாஜி முதல்வர் பதவியை விட, அந்த இடத்துக்கு வந்தவர் காமராஜ். பொது வாழ்வில் எதிரெதிரே நின்ற அந்த இருவரின் இணைப்பு காலம் கடந்து வந்தது. தி.மு.க. 184 இடங்களைப் பிடித்தது. பிளவில் காமராஜ் பக்கம் நின்ற ஸ்தாபன காங்கிரஸ் 15, சுதந்திரா 6. சிவகாசி நாடாளுமன்றத் தொகுதி இந்திரா காங்கிரஸின் வி. ஜெயலட்சுமிக்குப் போனது. காமராஜ் நாகர்கோவிலில் வென்றார். தமிழ்நாட்டில் அவருடைய கட்சிக்குக் கிடைத்த ஒரே நாடாளுமன்ற இடம் அது.

அந்த ஆண்டே மதுவிலக்கு தளர்த்தப்பட்டது. 1937-இல் சேலத்தில் அதைக் கொண்டுவந்த ராஜாஜி, தொண்ணூறைக் கடந்த வயதில் முதல்வர் கருணாநிதியை வீடு தேடிச் சென்று வேண்டாம் என்று கேட்டுக்கொண்டும் பயனில்லை. 1967-இல் தான் ஆதரித்து ஆட்சிக்கு வந்த கட்சியிடமே அவர் அப்படிக் கேட்க நேர்ந்தது.

ராஜாஜி 1972 டிசம்பர் 25-இல் மறைந்தார். 1974-இல் சுதந்திராக் கட்சி பாரதிய லோக் தளத்தில் கலந்தது. 1975 அக்டோபர் 2-இல் காமராஜ் காலமானார். 1977-இல் பக்கத்து அருப்புக்கோட்டையில் வென்ற எம்.ஜி.ஆர். முதல்வரானார், முன்னாள் சுதந்திராக்காரர் எச்.வி. ஹண்டே பின்னர் அவருடைய அமைச்சரவையில் சுகாதார அமைச்சராக இருந்தார்.