19–1: இரண்டு சம்பியன்களைத் தந்த ஒரு புள்ளிப் பட்டியல்



போன கிழமை இடைவேளை நேரம். எங்கள் கரப்பந்து அணியில் விளையாடும் தரம் 10 மாணவி ஒருவர் கொப்பித் தாள் ஒன்றை நீட்டினார். அமெரிக்கப் பல்கலைக்கழகப் பெண்கள் அணிகளின் ‘பிக் டென்’ லீக்கில் 2024ஆம் ஆண்டு முடிவில் எந்த அணி எந்த இடத்தில் நின்றது என்று இணையத்தில் பார்த்து எழுதியிருந்தார். மேலே இரண்டு பெயர்கள். நெப்ராஸ்கா 19–1. பென் ஸ்டேட் 19–1.

“சேர், ரெண்டு டீமும் ஒரே கணக்கு. அப்ப கப் யாருக்கு?”

“ரெண்டு பேருக்கும்தான்” என்றேன்.

“அதெப்படி சேர்? நெப்ராஸ்கா தோத்த அந்த ஒரு மெச்சே பென் ஸ்டேட்டிட்டத்தானே?”

நல்ல கேள்வி. பதில் சொல்லத் தொடங்கும்போதே மணி அடித்துவிட்டது. நான் வரலாறு படிப்பிக்கிறவன். சுருக்கமாகச் சொல்லவும் தெரியாது. ஆகவே அவருக்கான பதிலை இங்கே எழுதுகிறேன். பெற்றோர்களும் கடைசி வரை வாசியுங்கள். உங்களுக்கும் ஒரு விடயம் இருக்கிறது.

கரப்பந்து பிறந்தது 1895இல், அமெரிக்காவின் மசசூசெட்ஸ் மாநிலத்து ஹோலியோக் நகரில். வை.எம்.சி.ஏ.யில் உடற்பயிற்சிக்குப் பொறுப்பாக இருந்த வில்லியம் மோர்கன் என்பவர்தான் உருவாக்கினார். அவரிடம் வந்தவர்களில் பலர் நடுத்தர வயது வியாபாரிகள். கூடைப்பந்தின் இடிபாடு அவர்களுக்கு ஒத்துவரவில்லை. நடுவில் வலையைக் கட்டிவிட்டால் ஒருவரோடு ஒருவர் மோதத் தேவையில்லை அல்லவா? முதலில் வைத்த பெயர் ‘மின்டனெட்’. அடுத்த வருடமே அது ‘வொலிபோல்’ ஆனது. அதே வை.எம்.சி.ஏ. ஊடாகத்தான் 1916இல் கொழும்புக்கும் வந்தது. 1991இல் இலங்கையின் தேசிய விளையாட்டாகவும் ஆனது. நம்மில் பலர் கிரிக்கெட்தான் தேசிய விளையாட்டு என்று இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறோம்!

முரட்டுத்தனம் இல்லாத விளையாட்டு என்பதால் பெண்களும் அதை ஆரம்பத்திலேயே விளையாடினார்கள். ஆனால் பல்கலைக்கழகங்கள் பெண்கள் அணிக்குக் காசு ஒதுக்கவில்லை. அதை மாற்றியது 1972இல் வந்த ஒரு கல்விச் சட்டம். அரச நிதி பெறும் எந்தக் கல்வித் திட்டத்திலும் ஆண், பெண் என்று பாகுபாடு காட்டக் கூடாது என்பதுதான் அதன் சாரம். அதற்காகப் பாடுபட்டவர்களில் ஒருவர் ஹவாயைச் சேர்ந்த காங்கிரஸ் உறுப்பினர் பெற்சி மிங்க். அந்த வாசகத்தில் விளையாட்டு என்ற சொல்லே கிடையாது. ஆனால் விளையாட்டும் கல்வியின் ஒரு பகுதிதானே. ஆண்களுக்கு அணி இருந்தால் பெண்களுக்கும் வாய்ப்புக் கொடுத்தாக வேண்டும் என்ற நிலை வந்தது. அமெரிக்காவில் பல்கலைக்கழக விளையாட்டை நடத்தும் பெரிய அமைப்பான என்.சி.ஏ.ஏ., 1981இல்தான் பெண்களுக்கான கரப்பந்து சம்பியன்ஷிப்பைத் தொடங்கியது. ஆண்களுக்கு அது 1970இலேயே இருந்தது.

இனி மாணவியின் தாளுக்கு வருவோம். அங்கே லீக்குகளை ‘கொன்பரன்ஸ்’ என்பார்கள். அகராதியைப் பார்த்தால் மாநாடு என்று வரும். பயந்துவிடாதீர்கள், ஒன்றோடொன்று விளையாட உடன்பட்ட பல்கலைக்கழகங்களின் கூட்டுத்தான் அது. முதல்நிலைப் பிரிவில் மட்டும் முப்பதுக்கு மேல் இருக்கின்றன. 1896இல் உருவான பிக் டென் அவற்றில் பழையது. பெயரில்தான் பத்து. 2024இல் நான்கு புதிய அணிகள் சேர்ந்ததோடு 18 ஆகிவிட்டது.

அந்த வருடம் ஒவ்வோர் அணிக்கும் லீக்கில் 20 ஆட்டங்கள். பட்டியல் கணக்கு மிக எளிது: எத்தனை வெற்றி, எத்தனை தோல்வி. சர்வதேசப் போட்டிகளில் 3–0, 3–1 என்று வென்றால் 3 புள்ளி. 3–2 என்று வென்றால் வென்றவருக்கு 2, தோற்றவருக்கு 1. பிக் டென்னில் அப்படிப் பிரிப்பதில்லை. எப்படி வென்றாலும் வெற்றி வெற்றிதான். அத்தோடு, 2024இல் லீக் முடிந்த பிறகு அங்கே தனியாக ஓர் இறுதிப் போட்டியும் இருக்கவில்லை. கடைசி நாளில் பட்டியலில் யார் மேலே நிற்கிறாரோ அவரே சம்பியன். இருவர் சமமாக நின்றால் இருவரும் சம்பியன்.

நெப்ராஸ்காவைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். ஏறத்தாழ 20 இலட்சம் பேர் மட்டுமே வாழும் மாநிலம். பெரும்பகுதி விவசாய நிலம். 2023 ஓகஸ்ட் 30ஆம் திகதி அங்கே காற்பந்து ஸ்டேடியத்தின் நடுவில் வலையைக் கட்டி, ஒமாஹா பல்கலைக்கழகத்தோடு ஒரு பெண்கள் கரப்பந்து ஆட்டம் வைத்தார்கள். பார்க்க வந்தவர்கள் 92,003 பேர்.

அடுத்த வருடம் அதே நெப்ராஸ்கா, லீக்கில் எல்லோரையும் வென்றுகொண்டே வந்தது. பின்னால் விரட்டிக்கொண்டு வந்த பென் ஸ்டேட் விஸ்கொன்சினிடம் ஒரு தடவை சறுக்கியது. நவம்பர் 29ஆம் திகதி, லீக் முடியும் தறுவாயில், இரண்டும் பென் ஸ்டேட்டின் சொந்த மண்டபத்தில் மோதின. பென் ஸ்டேட் 3–1 என்று வென்றது. இரு அணியும் 19–1.

இப்போது மாணவியின் கேள்விக்குப் பதில். “அடித்தவன்தானே சம்பியன்?” என்பது ஓர் ஆட்டத்தின் நியாயம். பட்டியல் 20 ஆட்டங்களையும் பார்க்கிறது. நெப்ராஸ்கா விழுந்த இடத்தில் பென் ஸ்டேட் நின்றது உண்மை. பென் ஸ்டேட் விழுந்த இடத்தில் நெப்ராஸ்கா நின்றதும் உண்மை. பரீட்சைக்கு முதல் நாள் மட்டும் படித்தவருக்கும் வருடம் முழுக்கப் படித்தவருக்கும் உள்ள வித்தியாசத்தை உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

அதற்காக நொக்கவுட் போட்டியே அவர்களிடம் இல்லை என்று நினைக்க வேண்டாம். லீக் முடிந்த பிறகுதான் அது வரும். கொன்பரன்ஸ்களின் சம்பியன்களும் குழு தெரிவுசெய்யும் ஏனைய அணிகளுமாக 64 அணிகள். தோற்றால் வீட்டுக்கு. டிசம்பர் 19ஆம் திகதி அரையிறுதியில் மறுபடியும் இவ்விருவரும் சந்தித்தார்கள். முதல் இரண்டு செட்டும் நெப்ராஸ்காவுக்கு. பென் ஸ்டேட்டின் கதை முடிந்தது என்றுதான் எல்லோரும் நினைத்திருப்பார்கள். மூன்றாவது செட்டை எடுத்தார்கள். நான்காவதை 28–26 என்று பறித்தார்கள். ஐந்தாவது 15–13. மூன்று நாள் கழித்து லூயிவில் அணியை 3–1 என்று வென்று கிண்ணத்தையும் தூக்கினார்கள்.

அந்த அணியின் பயிற்றுவிப்பாளர் கேட்டி ஷூமேக்கர்-கோலி. தனக்கு மார்பகப் புற்றுநோய் என்று அந்த வருடம் ஒக்டோபரில் அறிவித்தவர். சிகிச்சை எடுத்துக்கொண்டே மைதான ஓரத்தில் நின்று அணியை வழிநடத்தினார். 1981 முதல் 2024 வரை அந்தக் கிண்ணத்தை வென்ற முதல் பெண் தலைமைப் பயிற்றுவிப்பாளர் அவரே. இறுதிப் போட்டியில் எதிரே நின்ற டேனி புஸ்பூம் கெலியும் பெண்தான். ஆகவே யார் வென்றிருந்தாலும் அன்று வரலாறுதான்.

இதில் இன்னொரு செய்தி ஒளிந்திருக்கிறது. 1972 காலத்தில் பெண்கள் அணிகளில் பத்தில் ஒன்பதுக்கு மேல் பெண்களே பயிற்றுவித்தார்கள். சட்டம் வந்து, காசும் மதிப்பும் வந்தபோது அந்தக் கதிரைகளுக்கு ஆண்களும் வந்தார்கள். பெண் பயிற்றுவிப்பாளர்களின் பங்கு பாதிக்கும் கீழே இறங்கியது. சட்டம் கதவைத் திறந்தது. உள்ளே ஆட்களை வளர்த்தெடுக்க வருடக் கணக்காக ஆட வைக்க வேண்டியிருந்தது. ஷூமேக்கர்-கோலி, பென் ஸ்டேட் முதன்முதலில் கிண்ணம் வென்ற 1999ஆம் ஆண்டு அணியின் வீராங்கனை. புஸ்பூம் கெலி, 2006இல் வென்ற நெப்ராஸ்கா அணியில் விளையாடியவர். இருவரும் வாரத்துக்கு வாரம் ஆடி, தோற்று, திருந்தி வளர்ந்தவர்கள்.

இனி நம் ஊர்க் கதை. நம் பிள்ளைகள் மாதக் கணக்காகப் பின்னேரங்களில் பயிற்சி எடுக்கிறார்கள். வலய மட்டப் போட்டி நொக்கவுட் முறையில் நடந்தால் என்ன ஆகும்? 16 அணிகள் வந்தால் மொத்தம் 15 ஆட்டம். முதல் சுற்றிலேயே 8 அணிகள் வெளியே. அதாவது வந்தவர்களில் பாதிப் பேருக்கு வருடத்துக்கு ஒரே ஓர் ஆட்டம். போன முறை எங்கள் பிள்ளைகள் அந்தப் பாதியில் இருந்தார்கள். காலை பஸ்ஸில் போய், பகல் சாப்பாட்டுக்கு முன் வீடு திரும்பினோம். திரும்பும் வழியில் ஒரு பிள்ளை என்னிடம் கேட்டது: “சேர், அடுத்த வருஷம்தானா இனி?”

அன்று அதற்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. இப்போது ஒரு யோசனை இருக்கிறது. பக்கத்துப் பாடசாலைகள் ஐந்து சேர்ந்தால் ஒரு லீக் வைக்கலாம். மொத்தம் 10 ஆட்டம். ஒவ்வோர் அணிக்கும் 4. வாரத்துக்கு இரண்டு ஆட்டம் என்றால் ஐந்து வாரத்தில் முடிந்துவிடும். ஆளுக்கொரு பந்து, ஒரு வலை, நடுவராக நிற்கப் பழைய மாணவர் இரண்டு பேர் போதும். பெண் பிள்ளைகளுக்கு நேரம், இடம், உடை எல்லாம் பெற்றோரோடு பேசி, அவர்கள் மனம் ஒப்பும்படி ஒழுங்கு செய்யலாம். உம்மாமார் வந்து பார்ப்பதற்கும் இடம் வைப்போம்.

அதிபரிடம் பேசிவிட்டேன். மற்ற நான்கு பாடசாலை ஆசிரியர்களும், உதவக்கூடிய பழைய மாணவர்களும் கொமெண்டில் பெயரைப் போடுங்கள். பட்டியலை நான் வெண்பலகையில் எழுதி, பாடசாலை வாசலில் வைக்கிறேன். கேள்வி கேட்ட அந்த மாணவியே கிழமைக்குக் கிழமை அதைத் திருத்தி எழுதுவார், இன்ஷா அல்லாஹ்.