வாரம் ஒரு நாள் மாத்திரை: குன்னூரும் நானுஓயாவும்

சிறு பிள்ளைக்கு மூட்டுவாதம் வரும் என்பதை மலையகத் தோட்டங்களில் இன்றும் பலர் நம்புவதில்லை. அது வயோதிபரின் நோய், கொழுந்து கொய்து தேய்ந்த கைகளுக்கும் மலையேறித் தளர்ந்த முழங்கால்களுக்கும் உரிய நோய் என்பதே பொதுவான எண்ணம். காலையில் எழுந்ததும் நொண்டி நடக்கும் பிள்ளை, நண்பகலில் லயத்து வாசலில் ஓடி விளையாடினால், பாடசாலைக்குப் போகக் கள்ளம் பண்ணுகிறது என்ற முடிவுக்கு வருவது எளிது. கடல் மட்டத்துக்கு 5,200 அடிக்கு மேல் உள்ள நானுஓயா போன்ற இடத்தில் பழியை ஏற்றுக்கொள்ளப் பனியும் குளிரும் எப்போதும் ஆயத்தமாக இருக்கின்றன. காலையில் விறைத்து, வெயில் ஏற ஏற இளகுவதுதான் அந்நோயின் குணம் என்பதை அறிந்தவர் சொல்லும்வரை மாதங்கள் கழிந்துவிடுகின்றன.

பதினாறு வயதுக்கு முன் தொடங்கி, வேறு காரணம் எதுவும் இன்றி, ஆறு வாரங்களுக்குக் குறையாமல் நீடிக்கும் மூட்டழற்சியையே இன்று சிறார் மூட்டுவாதம் என்கிறார்கள். உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தி, வழி தவறித் தன் மூட்டுகளையே தாக்குவதால் வருவது. தெற்காசியாவில் இதற்கு இன்னொரு இடரும் உண்டு. மூட்டு வீங்கிய பிள்ளையைக் கண்டதும் முதலில் நினைவுக்கு வருவது தொண்டைக் கிருமியால் வரும் வாதக் காய்ச்சல். இதயத்தைக் கெடுக்கும் அந்நோய் நம் நாடுகளில் பரவலாக இருந்தமையால் அவ்வாறு நினைப்பதில் தவறில்லை. ஆனால் அந்த நினைப்பிலேயே பெனிசிலின் ஊசியோடு ஆண்டுகளைக் கழித்த பிள்ளைகளும் உளர்.

நானுஓயாப் பக்கம் ஒரு தோட்டத்தில், ஆறு வயது மகளுக்கு இந்நோய் கண்ட தாய் ஒருவர் என்னிடம் இரு கேள்விகள் கேட்டார். "ஐயா, இது கேன்சருக்குக் குடுக்குற மருந்துனு சொல்றாங்களே, நெசமா?" என்பது முதலாவது. இரண்டாவதுதான் என்னைத் தேட வைத்தது. "வாரத்துக்கு ஒருக்கா அந்த மருந்து. மறுநாளு இந்த மஞ்ச மாத்திரை. இது நான் புள்ளத்தாச்சியா இருக்கையில கிளினிக்குல குடுத்த மாத்திரையில்லையா? புள்ளைக்கு எதுக்கு?"

முதல் மருந்து மெத்தோட்ரெக்சேட். மஞ்சள் மாத்திரை ஃபோலிக் அமிலம். இரண்டையும் அடுத்தடுத்து வைத்து அத்தாய் கேட்ட கேள்விக்கு விடை, ஏறக்குறைய நூறாண்டுகளுக்கு முன் பம்பாயிலும் குன்னூரிலும் சென்னையிலும் தொடங்குகிறது.

அதற்கு முன் சிறிது பின்னோக்கிப் போக வேண்டும். பிள்ளைகளின் மூட்டுவாதம் பெரியவர்களுடையதினின்று வேறானது என்பதை ஆங்கில மருத்துவ உலகுக்குத் தெளிவாகக் காட்டியவர் ஜோர்ஜ் ஃபிரெடரிக் ஸ்டில். லண்டன் கிரேட் ஓர்மண்ட் வீதிக் குழந்தைகள் வைத்தியசாலையில் பணியாற்றிய இவர், 22 பிள்ளைகளின் நிலையை ஆராய்ந்து 1897இல் கட்டுரை வெளியிட்டார். அப்போது அவருக்கு வயது முப்பதுகூட நிரம்பவில்லை. மூட்டு வீக்கத்தோடு காய்ச்சலும், நிணநீர்க் கட்டிகளும், மண்ணீரல் வீக்கமும் சேர்ந்து வருவதை அவர் குறித்து வைத்தார். அதே 1897இல்தான் ஜெர்மனியின் பேயர் நிறுவனத்தில் அஸ்பிரின் தூய வடிவில் தயாரிக்கப்பட்டது. நோய்க்குப் பெயரும் அதற்கான முதல் மருந்தும் ஒரே ஆண்டில் பிறந்தன எனலாம்.

அஸ்பிரின் முக்கால் நூற்றாண்டுக்கு மேல் கோலோச்சியது. காதில் இரைச்சல் கேட்கும் அளவுக்குக் கொடுத்து, பின்னர் சற்றுக் குறைப்பதே அந்நாளைய முறை. 1963இல் அவுஸ்திரேலிய வைத்தியர் ரை, பிள்ளைகளின் மூளையையும் ஈரலையும் திடீரெனத் தாக்கும் நோயொன்றை விவரித்தார். வைரசுக் காய்ச்சலின்போது அஸ்பிரின் கொடுப்பதற்கும் அதற்கும் உள்ள தொடர்பு 1980களில் வெளிப்பட்டதும் சிறுவர் வைத்தியத்தில் அம்மருந்தின் இடம் சுருங்கிவிட்டது.

இன்னொரு மருந்தின் வரலாறு நானுஓயாவுக்கு மிக அருகிலேயே ஓடுகிறது. நுவரெலியாவை அடுத்த ஹக்கலைப் பூந்தோட்டத்தை இன்று உல்லாசப் பயணிகளின் இடமாகவே அறிவோம். 1861இல் அது தொடங்கப்பட்டதோ கொயினாவுக்கு மூலமான சிங்கோனா மரத்தை வளர்த்துப் பார்ப்பதற்காக. 1869இல் தலைகாட்டிய இலைநோய் கோப்பியை அழித்தபோது, துரைமார் பலர் சிங்கோனாவுக்குத் தாவினர். 1880களில் இலங்கையிலிருந்து பட்டை கப்பல் கப்பலாகப் போயிற்று. சந்தையில் பட்டை மிகுந்து, ஜாவாவின் உயர்ந்த ரகமும் போட்டிக்கு வந்தபின் விலை விழ, மரங்களைப் பிடுங்கிவிட்டுத் தேயிலை நட்டார்கள். 1885இல் நானுஓயாவுக்குப் புகையிரதம் வந்த காலம் இந்த மாற்றத்தின் நடுவே அமைந்தது. நட்டதும் பிடுங்கியதும் மீண்டும் நட்டதும் யாருடைய கைகள் என்பதை இவ்வலைப்பக்க வாசகர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

மலேரியாவுக்குக் கொயினாவின் வழியில் பின்னாளில் செயற்கையாகச் செய்யப்பட்ட மருந்துகள் தோல் நோய்க்கும் மூட்டுவாதத்துக்கும் உதவுவதாக 1951இல் லண்டனில் பேஜ் என்ற வைத்தியர் எழுதினார். ஹைட்ரொக்சிகுளோரோகுயின் இன்றும் பெரியவர்களுக்குப் பயன்படுகிறது. பிள்ளைகளின் மூட்டுவாதத்திலோ, 1986இல் வெளியான ஒப்பீட்டு ஆய்வில் அது வெற்று மாத்திரையைவிடச் சிறந்ததாகத் தெரியவில்லை.

1948 செப்டெம்பரில் அமெரிக்காவின் மேயோ வைத்தியசாலையில் ஹென்ச் குழுவினர் கோர்ட்டிசோனை முதன்முதலாக மூட்டுவாத நோயாளி ஒருவருக்குச் செலுத்தினர். படுக்கையில் கிடந்தவர் சில நாட்களில் எழுந்து நடந்தார். 1950இலேயே நோபல் பரிசும் கிடைத்துவிட்டது. ஆனால் தொடர்ந்து கொடுத்தால் முகம் உப்புகிறது, எலும்பு மெலிகிறது, கண்ணில் புரை விழுகிறது. பிள்ளைகளுக்கு இவற்றினும் கொடியது, வளர்ச்சியே நின்றுபோவது. இங்கிலாந்தின் டாப்லோவில், போர்க்காலத்தில் எழுந்த கனடிய செஞ்சிலுவை வைத்தியசாலையில், எரிக் பைவாட்டர்சும் பார்பரா ஆன்செலும் இப்பிள்ளைகளை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து கவனித்து இத்தீங்குகளைப் பதிவு செய்தனர். மருந்தைக் குறைப்பதும் ஒன்றுவிட்ட நாளில் கொடுப்பதும் அத்தகைய அனுபவத்தில் விளைந்தவையே. "ஸ்டீராய்ட்" என்ற சொல்லைக் கேட்டதும் பெற்றோர் முகம் மாறுவதற்கு நியாயம் உண்டு என்றே நான் சொல்வேன்.

இனி மஞ்சள் மாத்திரைக்கு வருவோம். லூசி வில்ஸ் 1888இல் பிறந்த ஆங்கிலப் பெண்மணி. கேம்பிரிட்ஜில் தாவரவியலும் நிலவியலும் கற்றவர். 1913இல் இலங்கைக்கும் ஒருமுறை வந்திருக்கிறார். வைத்தியரான பின், 1928இல் பம்பாய்க்கு அழைக்கப்பட்டார். பஞ்சாலைகளில் உழைத்த ஏழைப் பெண்கள் கர்ப்ப காலத்தில் கடும் இரத்தசோகையால் இறந்துகொண்டிருந்தனர். கிருமியே காரணம் எனப் பலர் தேடிக்கொண்டிருந்த வேளையில், அவர்களது அடுப்பில் என்ன வேகிறது என்பதைப் பார்த்தவர் வில்ஸ். 1929இல் சில மாதங்கள் குன்னூர் பாஸ்டர் நிறுவனத்தில் தங்கி ஆராய்ந்தார். ரொபர்ட் மக்கரிசனின் புகழ்பெற்ற போசாக்கு ஆய்வுகள் நடைபெற்ற இடம் அது. 1931இன் தொடக்கத்தில் சென்னையில், இன்றைய கஸ்தூர்பா காந்தி வைத்தியசாலையான அந்நாளைய கோஷா ஆஸ்பத்திரியில் பணியாற்றினார். பாணில் தடவும் மலிவான ஈஸ்ட் சாறான மார்மைட் இச்சோகையைத் தீர்க்கிறது என்பதைக் கண்டு அந்த ஆண்டே வெளியிட்டார். மார்மைட்டில் இருந்த அந்தப் பெயரற்ற பொருள் நெடுநாள் "வில்ஸ் காரணி" என்றே வழங்கியது. 1941இல் கீரையிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டபோது, இலையைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து அதற்கு ஃபோலிக் அமிலம் என்ற பெயர் வந்தது.

குன்னூர் என்ற பெயர் நானுஓயாக்காரருக்கு அந்நியமானதன்று. 1964 சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தின் பின் கப்பலேற்றப்பட்டவர்களில் ஏராளமானோர் நீலகிரியில்தான் குடியமர்ந்தனர். அவர்களுக்கென 1968இல் தொடங்கப்பட்ட தமிழ்நாட்டு அரசின் தேயிலைத் தோட்டங்கள் குன்னூர், கோத்தகிரி, கூடலூர் எங்கும் பரவின. இன்றும் இரு மலைகளுக்கும் இடையே உறவுமுறை இருக்கிறது.

கதையின் அடுத்த ஆள் எல்லப்பிரகடா சுப்பாராவ். 1895இல் ஆந்திரத்து பீமாவரத்தில் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். காந்தியின் அழைப்பை ஏற்றுக் கதராடை அணிந்தமையால் ஆங்கிலப் பேராசிரியரின் கோபத்துக்கு ஆளாகி, முழுப் பட்டத்துக்குப் பதிலாகக் கீழ்ப்பட்ட சான்றிதழோடு வெளியேறினார் என்பர். 1920களில் அமெரிக்கா சென்று, ஹார்வர்டில் ஆராய்ந்து, 1940இல் லெடர்லே நிறுவனத்தில் சேர்ந்தார். 1940களின் நடுவில் அவருடைய குழு ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாகத் தயாரித்தது. கர்ப்பிணிகளுக்கு மலிவாக மாத்திரை கிடைக்க வழி பிறந்தது.

இங்கேதான் திருப்பம். போஸ்டனில் சிட்னி ஃபார்பர், இரத்தப் புற்றுநோய் கண்ட பிள்ளைகளுக்கு ஃபோலிக் அமில வகைகளைக் கொடுத்தபோது நோய் வேகமெடுப்பதாகக் கண்டார். அப்படியானால் அந்த அமிலத்தின் வேலையைத் தடுத்தால்? சுப்பாராவின் குழு அதே அமிலத்தின் உருவை ஒத்த, ஆனால் அதன் தொழிலைச் செய்யாத போலிப் பொருட்களைச் செய்து அனுப்பியது. அமினொப்டெரின் என்ற அப்பொருளைப் பெற்ற 16 பிள்ளைகளில் 10 பேருக்குத் தற்காலிகத் தணிவு கண்டதாக ஃபார்பர் 1948 ஜூனில் எழுதினார். அதன் உடன்பிறப்பே மெத்தோட்ரெக்சேட். அதே ஆண்டு ஓகஸ்டில், 53 வயதில், சுப்பாராவ் காலமானார்.

1951இல் கப்னர் என்ற அமெரிக்க வைத்தியர், அமினொப்டெரின் மூட்டுவாதத்தையும் தணிக்கிறது என்று எழுதினார். கோர்ட்டிசோனின் பேரொளியில் அச்சிறு விளக்கு எவர் கண்ணிலும் படவில்லை. 1980களில்தான் பெரியவர்களிடம் முறையான ஆய்வுகள் வந்தன. பிள்ளைகளுக்கான தீர்க்கமான ஆய்வு 1992இல் வெளியாயிற்று. பனிப்போர்க் காலத்து எதிரிகளான அமெரிக்காவும் சோவியத் ஒன்றியமும் சேர்ந்து 127 பிள்ளைகளிடம் நடத்திய ஆய்வு அது. அச்சேறியபோது சோவியத் ஒன்றியமே இல்லை. உடற்பரப்பின் சதுர மீற்றருக்கு வாரம் 10 மில்லிகிராம் பெற்றவர்களில் 63 வீதத்தினர் முன்னேறினர். வெற்று மாத்திரை பெற்றவர்களில் 36 வீதத்தினரே.

ஆக, அத்தாயின் முதல் கேள்விக்கு விடை: ஆம், அது புற்றுநோய் மருந்துதான். ஆனால் அங்கே சில சிகிச்சைகளில் கிராம் கணக்கில் செலுத்துவதை இங்கே சில மில்லிகிராம்களில், வாரத்தில் ஒரே நாள் கொடுக்கிறார்கள். இந்த அளவில் அது எதிர்ப்புச் சக்தியின் மூர்க்கத்தைத் தணிக்கிறது. குமட்டல், வாய்ப்புண், ஈரல் பாதிப்பு, இரத்த அணுக்கள் குறைதல் ஆகியன நேரக்கூடும் என்பதால் இரத்தப் பரிசோதனையைத் தவறவிடக் கூடாது. இரண்டாவது கேள்விக்கு விடை: இம்மருந்து உடலின் ஃபோலிக் அமிலத்துக்கு எதிராக நிற்பது. அதனால் வரும் தொல்லைகளைக் குறைக்கவே வைத்தியர் சொல்லும் வேறு நாளில் மஞ்சள் மாத்திரை. ஏழைக் கர்ப்பிணிகளுக்காகத் தேடிய பொருளும், அதைப் பார்த்துச் செய்த போலியும் ஒரே பிள்ளையின் மருந்துப் பையில் வந்து சேர்ந்திருக்கின்றன. இதைச் சொன்னபோது, "அப்ப ரெண்டும் சண்டைக்காரவுங்களா" என்று அவர் சிரித்தார்.

அவரிடம் மேலும் இரண்டைச் சொன்னேன். ஒன்று, கண். இந்நோயில் சில பிள்ளைகளுக்குக் கண்ணின் உட்புறம் அழற்சி கொள்ளும். சிவக்காது, வலிக்காது, பிள்ளையும் முறையிடாது. பார்வை மங்கியபின் அறிவதால் பயனில்லை. வைத்தியர் குறிக்கும் இடைவெளியில் கண் பரிசோதனை செய்தே ஆக வேண்டும். மற்றது, நாள். வாரம் ஒருமுறை எடுக்க வேண்டிய மெத்தோட்ரெக்சேட்டைத் தவறுதலாகத் தினமும் எடுத்து உயிரிழந்தவர்கள் பல நாடுகளில் உளர். இதனால் ஐரோப்பிய மருந்து முகவரகம் 2019இல், பொதியின் மேல் வெளிப்படையான எச்சரிக்கை வேண்டும் என்றது. தமிழ் மட்டும் வாசிக்கத் தெரிந்த தாயின் கைக்கு "வாரத்தில் ஒரு நாள் மட்டும்" என்ற நான்கு சொற்கள் தமிழில் எழுதப்பட்டுச் சேர்கின்றனவா? தமிழ் ஆட்சிமொழியானது 1987இல்.

மருந்தைப் பற்றிய அச்சம் அறியாமையால் மட்டும் வருவதன்று. 1971இல் பேராசிரியர் சேனக பிபிலே அரச மருந்தகக் கூட்டுத்தாபனத்தை உருவாக்கி, தரமான மருந்தைக் குறைந்த விலையில் ஏழைக்கும் எட்டச் செய்ய முயன்ற நாடு இது. பல்தேசியக் கம்பனிகளைப் பகைத்துக்கொண்ட அவர் 1977இல் கயானாவில் காலமானார். அதே நாட்டில் 2022இல் அந்நியச் செலாவணி தீர்ந்து வைத்தியசாலைகளில் மருந்து இல்லாமற்போனது. தரமற்ற இம்யூனோகுளோபுலின் கொள்வனவு தொடர்பில் முன்னாள் சுகாதார அமைச்சர் ஒருவர் 2024 பெப்ரவரியில் கைதானார். நூறு தடவை கேட்டு நிச்சயித்துக்கொண்டுதான் பிள்ளைக்கு மருந்து கொடுப்பேன் என்று ஒரு தாய் சொன்னால், அவரைக் குறைகூற என்னால் முடியவில்லை.

1999இல் அமெரிக்காவில் பிள்ளைகளுக்கு அனுமதிக்கப்பட்ட எட்டனர்செப்ட் முதலாக, உயிரியல் மருந்துகள் என்ற புதிய வரிசை வந்துவிட்டது. மெத்தோட்ரெக்சேட்டுக்கு அடங்காத நோயையும் அவை அடக்குகின்றன. விலையோ தோட்டச் சம்பளத்தை வைத்து எண்ணிப் பார்க்க முடியாதது. ஆகவே, காப்புரிமை எப்போதோ காலாவதியான பழைய மலிவு மாத்திரையே நானுஓயாப் பிள்ளைக்கு இப்போதைக்கு முதல் துணை. அச்சிறுமிக்கு மாத்திரை நாள் ஞாயிறு. நாட்காட்டியில் ஞாயிறுகளை மட்டும் அவளே பென்சிலால் வட்டமிட்டு வைத்திருக்கிறாள்.