நாடாவுக்குத் திரும்பாத படம்

ஒரு கருவி எதனைச் செய்யவல்லது என்பதை அதனை ஆக்கிய பொறியியலாளரே முடிவுசெய்கின்றனர் எனக் கொள்வது இயல்பு. எனினும் சுங்க அதிகாரியின் அட்டவணைக்கும் இவ்விடயத்தில் ஒரு பங்குண்டு. 1990களின் பிற்பகுதி தொடக்கம் ஏறத்தாழப் பத்தாண்டு காலம் மேற்கு ஐரோப்பியக் கடைகளில் விற்கப்பட்ட வீடியோக் கமெராக்களின் கதை அப்பங்கு எத்தகையது என்பதைப் புலப்படுத்துகின்றது. தொழில்நுட்ப வரலாறு எழுதுவோர் புதுப்புனைவாளரின் பெயர்களை நிரற்படுத்துவதோடு அமைந்துவிடுவதால் இத்தகைய கதைகள் பெரும்பாலும் எழுதப்படாமலே போகின்றன.

1995ஆம் ஆண்டு வீட்டுப் படப்பிடிப்பில் ஒரு திருப்பத்தை ஏற்படுத்தியது. காட்சியை இலக்கமாக மாற்றிச் சிறு நாடாவிற் பதியும் டீ.வி. முறை அவ்வாண்டிலேயே சந்தைக்கு வந்தது. சொனி நிறுவனம் வெளியிட்ட வீ.எக்ஸ். 1000 என்னும் கமெராவில் ஒரு சிறு பொருத்துவாய் இருந்தது. அப்பிள் நிறுவனம் பயர்வயர் என்றும் சொனி நிறுவனம் ஐ-லிங்க் என்றும் வழங்கிய வடம் அதிற் பொருந்தும். அவ்வடத்தின் வழியாகப் படம் இலக்க வடிவிலேயே கணினிக்குச் சென்றது. பழைய நாடாக்களிற் படியின் படி எடுக்குந்தோறும் நிறம் மங்கும்; கோடுகள் குழம்பும். புதிய முறையில் அக்குறை இல்லை. 1999இல் அப்பிள் நிறுவனம் ஐமாக் டீ.வி. என்னும் கணினியையும் ஐமூவி என்னும் மென்பொருளையும் வெளியிட்டபோது, முன்னர் தொலைக்காட்சி நிலையங்களுக்கே உரியதாயிருந்த படத்தொகுப்புக் கலை சாதாரண வீட்டின் மேசைக்கு வந்து சேர்ந்தது.

ஆயினும் தொகுத்த படத்தை எங்கே வைப்பது? இம்முறையிற் செக்கனுக்கு 25 மெகாபிற் அளவிற் காட்சி பதியப்படும். ஒரு மணி நேரப் படம் ஏறத்தாழ 13 கிகாபைற் இடத்தை விழுங்கும். மேற்சொன்ன ஐமாக் கணினியின் வன்தட்டோ 10 கிகாபைற் கொள்ளளவே உடையது. ஒரு திருமணப் படத்தைத் தொகுத்து முடித்தவர், அடுத்த படத்தைத் தொடங்குமுன் முன்னையதை அழித்தாக வேண்டும். இறுவட்டில் எழுதும் கருவிகள் வீடுகளிற் பரவாத அக்காலத்தில், தொகுத்த படத்தைத் தரங்குன்றாமல் வைத்திருக்கத்தக்க மலிவான இடம் அது புறப்பட்டு வந்த அந்த நாடாவே. அதே கமெராவைத் தொலைக்காட்சிப் பெட்டியோடு இணைத்துக் குடும்பத்தினர் அனைவரும் படத்தைப் பார்க்கவும் முடியும். எனவே கணினியிலிருந்து கமெராவுக்குத் திரும்பும் வழி, சென்ற வழியைப் போலவே இன்றியமையாததாயிற்று.

இத்திரும்பும் வழியிலேதான் பலர் இடறினர். இடறுவதற்குச் சாதாரணக் காரணங்களும் இருந்தன. கமெராவைப் படமெடுக்கும் நிலையிலேயே விட்டுவிட்டால் அது வெளியிலிருந்து வரும் காட்சியை ஏற்காது. நாடாவை இயக்கும் நிலைக்கு மாற்றவேண்டும். கசற்றின் முதுகிலுள்ள சிறு தாழ் பாதுகாப்புப் பக்கம் தள்ளப்பட்டிருந்தால் எதுவும் பதியப்படாது. வன்தட்டு வேகங் குறைந்ததாயினும், வேறொரு மென்பொருள் இடையே குறுக்கிட்டாலும் காட்சிச் சட்டங்கள் ஆங்காங்கே தவறிப் படம் துள்ளும். இடைவெளி விட்டுப் பதிந்த நாடாவில் நேரக்குறி மீண்டும் சுழியத்திலிருந்து தொடங்குவதால் கணினி இடத்தை அறியாது தடுமாறும். இதன்பொருட்டு, வில்லையை மூடியபடி வெற்று நாடாவை முழுவதும் ஒருமுறை ஓடவிட்டுப் பதிந்துகொள்வது அனுபவசாலிகளின் வழக்கமாயிருந்தது.

இவையனைத்தையும் சரிபார்த்த பின்னரும் எஞ்சிய கோளாறு ஒன்றுண்டு. மிகுந்த குழப்பத்தை விளைவித்ததும் அதுவே. கணினியிலிருந்து கட்டளையிட்டால் நாடா பின்னோக்கிச் சுழலும், ஓடும், நிற்கும். பதியுமாறு கட்டளையிட்டாலோ எதுவும் நிகழாது. வடம் பழுதன்று என்பதற்கு நாடா சுழல்வதே சான்று. வடத்தை மாற்றியும் மென்பொருளைத் திரும்ப நிறுவியும் வாரக்கணக்கில் முயன்றவர், ஈற்றில் அப்பொருத்துவாயின் அருகே பொறிக்கப்பட்ட சிறு எழுத்துக்களை வாசிக்க நேர்ந்தது. அவை வெளிச்செல்வதை மட்டுமே குறித்தன. அமெரிக்கச் சந்தையில் விற்கப்பட்ட ஒத்த கமெராக்களிற் படம் இருவழியாகவும் சென்றுவந்தது.

காரணம் ஐரோப்பிய ஒன்றியத்தின் தீர்வை அட்டவணையில் இருந்தது. தன் வில்லையும் ஒலிவாங்கியும் தருவதை மட்டுமே பதியும் கமெராவுக்கு 4.9 சதவீதத் தீர்வை. வெளியிலிருந்து வரும் காட்சியையும் பதியவல்லதாயின், அதற்கு வீடியோப் பதிவுக் கருவிக்குரிய அதே 14 சதவீதம். உற்பத்தியாளர் இவ்விடைவெளியை உணர்ந்து இருவகைக் கமெராக்களை அனுப்பினர். கெனன் நிறுவனத்தின் சில வகைகளில் இலக்கத்தின் பின் 'ஐ' என்னும் எழுத்து இருந்தால் திரும்பும் வழி உண்டு, இல்லையேல் இல்லை. உட்சுற்று ஒன்றாகவே இருக்க, நினைவகத்திலுள்ள ஓர் அமைப்பு மட்டும் வேறுபட்ட கமெராக்களும் இருந்தன. செய்யத் தெரிந்த கருவியைச் செய்யாதிருக்கப் பணித்தனர் என்க.

அந்த 14 சதவீதத்தின் வேர் இன்னும் பழையது. பிலிப்ஸ், குருண்டிக் ஆகிய ஐரோப்பிய நிறுவனங்கள் 1979இல் வெளியிட்ட வீடியோ 2000 முறை யப்பானியக் கருவிகளின் முன் நிற்கமாட்டாது திணறியது. 1982 ஒக்ரோபரில் பிரெஞ்சு அரசு விசித்திரமானதோர் ஆணையைப் பிறப்பித்தது. இறக்குமதியாகும் வீடியோப் பதிவுக் கருவிகள் யாவும், கடற்கரையினின்றும் விலகி உள்நாட்டில் அமைந்த புவாத்தியே நகரின் சிறு சுங்க அலுவலகம் வழியாகவே செல்லவேண்டும் என்பது அது. சில அலுவலரே இருந்த அவ்விடத்திற் பெட்டிகள் மலையாகத் தேங்கின. கி.பி. 732இல் சாள்ஸ் மாற்றெல் அராபியப் படையைத் தடுத்து நிறுத்திய போர் அந்நகரின் பெயராலேயே வழங்குவது பலரின் நினைவுக்கு வந்தது. 1983இல் யப்பான் தன் ஏற்றுமதியைத் தானாகவே மட்டுப்படுத்த இணங்கியது, ஆணையும் நீக்கப்பட்டது. அவ்விணக்கம் முடிவுற்ற நிலையில், 1986இல் ஐரோப்பியப் பொருளாதார சமூகம் வீடியோப் பதிவுக் கருவிகளின் தீர்வையை 8 சதவீதத்திலிருந்து 14 சதவீதத்துக்கு உயர்த்தியது. வீடியோ 2000 ஈற்றிற் கைவிடப்பட்டது. காக்கப்படவேண்டிய பொருள் மறைந்தபின்னும் காவல் நீடித்தது. பத்தாண்டுகளின் பின் பிறந்த கமெராவும் அக்காவலில் அகப்பட்டுக்கொண்டது.

பயன்படுத்துவோர் வாளாவிருக்கவில்லை. கமெராவின் கட்டுப்பாட்டுப் பொருத்துவாயிற் செருகி நினைவக அமைப்பை மாற்றும் சிறு கருவிகள் அஞ்சல்மூலம் விற்பனையாயின. அதே பணியைச் செய்யும் மென்பொருள்களும் வந்தன. இதனை அறிந்த ஜேர்மானியச் சுங்கத்துறை, குறைந்த தீர்வையில் உள்ளே வந்த கமெராக்களுக்கு மிகுதித் தீர்வையைப் பின்னர் கோரியது. மெடியோன், கெனன் ஆகிய நிறுவனங்களின் வழக்குகள் ஐரோப்பிய நீதிமன்றத்தை அடைந்தன. 2007 செப்ரெம்பர் 27ஆம் நாள் வெளியான தீர்ப்பு ஓர் அளவுகோலை வகுத்தது. சுங்கத்தைக் கடக்கும் வேளையில் அவ்வாற்றல் இயங்கவேண்டும். அன்றேல், உற்பத்தியாளர் அதனை வெளிப்படுத்த விரும்பாதபோதிலும், தனித் தேர்ச்சியற்ற ஒருவர் கமெராவிற் பொருள்மாற்றம் எதுவுமின்றி எளிதில் அதனை இயக்கத்தக்கதாய் இருக்கவேண்டும். அப்போதுதான் உயர்ந்த தீர்வை பொருந்தும். ஒரு வீட்டுக்காரரின் கைத்திறன் எவ்வளவு என்பது இவ்வாறு சட்டப் பிரச்சினையாயிற்று.

தீர்ப்பு வந்தபோது நாடாவே விடைபெறத் தொடங்கியிருந்தது. வன்தட்டிலும் நினைவக அட்டையிலும் பதியும் கமெராக்கள் அதன் இடத்தைப் பிடித்தன. ஒருவழிக் கமெரா வாங்கியோருள் அச்சிறு கருவியை அறியாதோர், தொகுத்த படத்தைப் பழைய வீ.எச்.எஸ். நாடாவில் தரங்குறைத்துப் படியெடுத்தனர். அதுவுமில்லாதோர் வன்தட்டிலிருந்து அழித்தனர். அவர்களின் சிறு நாடாக்களில் எஞ்சியிருப்பது தொகுக்கப்படாத மூலமே: ஆடும் காட்சிகள், நிறுத்த மறந்து பதிந்த தரை, கமெராவின் பின்னின்று பேசியவரின் குரல்.