அழகுக் குதிரையும் அடங்காத தசையும்

குதிரை வளர்ப்பு என்றதும் நம் மனக்கண் முன் தோன்றுவது அரசர்களின் லாயமும் செல்வர்களின் பந்தய மைதானமுந்தான். ஆனால் அமெரிக்க நாட்டின் டெக்சாஸ், ஓக்லஹோமா போன்ற மாநிலங்களில் நிலைமை வேறு. அங்கே சிறு பண்ணை வைத்திருக்கும் சாதாரணக் குடும்பங்களும் நாலைந்து பெட்டைக் குதிரைகளை வைத்துப் பேணுகின்றன. விடியற்காலையில் தீவனம் வைப்பவர் ஒருவர். லாயத்தைக் கழுவுபவர் ஒருவர். பள்ளி விட்டு வந்ததும் குட்டியைக் கயிற்றில் பிடித்து நடக்கப் பழக்குவது பிள்ளைகளின் வேலை. வாரக் கடைசியில் குதிரையை வண்டியில் ஏற்றிக்கொண்டு குடும்பமே கண்காட்சிக்குப் புறப்படும்.

இத்தகைய குடும்பங்களுக்குக் கண்காட்சிப் பரிசு வெறும் பெருமைப் பொருளன்று. பெட்டைக் குதிரை சினைப்பட்டு ஈனுவதற்கு ஏறத்தாழ 11 மாதங்கள் ஆகும். ஓர் ஈற்றில் பெரும்பாலும் ஒரு குட்டிதான். நாலு பெட்டைகள் உள்ள பண்ணையில் ஆண்டுக்கு நாலு குட்டிகள் கிடைத்தால் அதுவே நல்ல ஆண்டு. ஆகவே ஒவ்வொரு குட்டியின் விலையும் முக்கியம். அந்த விலையை நிர்ணயிப்பவை இரண்டு: குட்டியின் வம்சாவளி, கண்காட்சியில் அது பெறும் பரிசு. இந்த இரண்டையும் நம்பி வாழ்ந்த குடும்பங்களுக்கு நேர்ந்த ஒரு சோதனையையும், அறிவியல் அதில் கைகொடுத்த வரலாற்றையும் காண்போம்.

கால் மைல் குதிரை

அமெரிக்காவில் மிகுதியாக வளர்க்கப்படும் குதிரை இனங்களுள் ஒன்று 'குவார்ட்டர்' குதிரை. 'குவார்ட்டர்' என்றால் கால் பங்கு. கால் மைல், அதாவது சுமார் 400 மீட்டர் தூரத்தை மின்னல் வேகத்தில் ஓடிக் கடக்கும் இனமாதலால் இந்தப் பெயர் வந்தது. மாட்டு மந்தையை மடக்கும் வேலைக்கும் இது பெயர் பெற்றது. 1940-ஆம் ஆண்டில் இந்த இனத்துக்கென அமெரிக்க குவார்ட்டர் குதிரைச் சங்கம் தொடங்கப்பட்டு, வம்சாவளிப் பதிவேடும் ஏற்பட்டது.

சங்கத்தின் கண்காட்சிகளில் பலவகைப் போட்டிகள் உண்டு. அவற்றுள் ஒன்று 'ஹால்ட்டர்' எனப்படும் தலைக்கயிற்றுப் போட்டி. இதில் குதிரை மேல் யாரும் ஏறுவதில்லை. தலைக்கயிற்றைப் பிடித்து நடத்திக்கொண்டு வந்து நிறுத்துவார்கள். உடற்கட்டு, கால்களின் அமைப்பு, தசைத் திரட்சி ஆகியவற்றை நடுவர்கள் பார்த்துப் பரிசளிப்பார்கள். சுருங்கச் சொன்னால், இது குதிரைகளுக்கான கட்டழகுப் போட்டி.

பெயருக்கேற்ற குதிரை

1969-ஆம் ஆண்டில் ஓர் ஆண் குட்டி பிறந்தது. அதற்கு 'இம்ப்ரெசிவ்' என்று பெயர் வைத்தார்கள். கண்டவர் மனத்தைக் கவர்வது என்பது அதன் பொருள். திரண்ட தசைகளும் செதுக்கி வைத்தாற்போன்ற உடலும் கொண்ட அது, 1974-ஆம் ஆண்டில் தலைக்கயிற்றுப் போட்டியில் உலக வாகையர் பட்டம் பெற்றது.

அதன்பின் கேட்க வேண்டுமா? தத்தம் பெட்டைக் குதிரைகளை 'இம்ப்ரெசிவ்'வுடன் இணைசேர்க்க வளர்ப்போர் போட்டி போட்டனர். பெட்டைக்கு ஆண்டுக்கு ஒரு குட்டிதான். ஆனால் ஒரு பொலிகுதிரை ஒரே ஆண்டில் எத்தனையோ குட்டிகளுக்குத் தந்தையாகலாம். அந்தக் குட்டிகளும் பரிசுகளை அள்ளின. அவற்றின் ஆண்குட்டிகளும் பொலிகுதிரைகளாயின. இவ்வாறு பெருகிய சந்ததியின் எண்ணிக்கை ஒரு லட்சத்தையும் தாண்டும் என்று மதிப்பிடுகிறார்கள். குவார்ட்டர் இனத்தோடு நிற்காமல், 'பெயிண்ட்', 'அப்பலூசா' ஆகிய இனங்களிலும் இந்த இரத்தம் கலந்தது.

எதிர்பாராத நோய்

1980-களில் கால்நடை மருத்துவர்களுக்கு ஒரு புதிர் எதிர்ப்பட்டது. நன்றாக இருக்கும் குதிரை திடீரென்று நடுங்கும். விலா, கழுத்து, தோள் ஆகிய இடங்களில் தசைகள் துடிக்கும். வியர்த்துக் கொட்டும். பின்கால்கள் தளர்ந்து, நாயைப்போல உட்கார்ந்துவிடும்; சில குதிரைகள் கீழே சாய்ந்துவிடும். நினைவு மட்டும் தப்பாது. சிறிது நேரம் கழித்து எதுவுமே நடவாததுபோல் எழுந்து நிற்கும். எழாமலே இறந்துபோன குதிரைகளும் உண்டு.

வயிற்றுவலி என்று சிலர் நினைத்தார்கள். தசைப்பிடிப்பு என்று சிலர் நினைத்தார்கள். தாக்குதலின்போது எடுத்த இரத்தத்தைச் சோதித்ததில், அதில் பொட்டாசியத்தின் அளவு மிகுதியாயிருந்தது. மனிதரிலும் இதையொத்த பரம்பரை நோய் ஒன்று உண்டு என்பது மருத்துவர்களுக்கு முன்பே தெரியும்.

மூடாத கதவு

இது எப்படி ஏற்படுகிறது? ஒவ்வொரு தசை இழையின் சவ்விலும் நுண்ணிய வாயில்கள் உள்ளன. மூளையிலிருந்து கட்டளை வந்ததும் இந்த வாயில்கள் திறந்து, சோடியம் அயனிகள் உள்ளே பாய்கின்றன. தசை சுருங்குகிறது. மறுகணமே வாயில்கள் மூடிக்கொள்கின்றன. தசை அடுத்த கட்டளைக்குத் தயாராகிறது.

நோயுள்ள குதிரையில் சில வாயில்கள் சரியாக மூடுவதில்லை. இரத்தத்தில் பொட்டாசியம் கூடும்போது இந்தக் கோளாறு வெளிப்படுகிறது. சோடியம் கசிந்துகொண்டே இருப்பதால், முதலில் தசை தானாகவே துடிக்கிறது. பிறகு எந்தக் கட்டளைக்கும் செவிசாய்க்க முடியாமல் செயலற்றுப்போகிறது. கதவு அடைபடாத வீட்டில் முதலில் இரைச்சல், பிறகு வெறுமை என்று வைத்துக்கொள்ளுங்களேன்!

மனித நோய்க்குக் காரணமான மரபணு 1991-இல் கண்டறியப்பட்டது. அதே மரபணுவைக் குதிரையில் ஆராய்ந்த அமெரிக்க விஞ்ஞானிகள், 1992-ஆம் ஆண்டில் விடை கண்டார்கள். அந்த வாயிலைக் கட்டும் புரதத்தில், ஃபினைல் அலனின் இருக்கவேண்டிய ஓர் இடத்தில் லூசின் என்னும் அமினோ அமிலம் இருந்தது. நீண்ட புரதச் சங்கிலியில் ஒரே ஒரு கண்ணி மாறியிருந்தது, அவ்வளவுதான். நோயுற்ற குதிரைகளின் வம்சாவளியைப் பின்னோக்கித் தேடியபோது, எல்லா வழிகளும் 'இம்ப்ரெசிவ்' என்ற ஒரே குதிரையில் போய் முடிந்தன.

பரிசே பரப்பியதா?

இங்கே ஒரு கேள்வி எழலாம். நோய் தரும் மரபணு எப்படி இவ்வளவு பரவியது? ஓயாமல் கசியும் வாயில்களால் தசைகள் தொடர்ந்து வேலை செய்கின்றன. அதனாலேயே அவை திரண்டு பருக்கின்றன என்று கருதப்படுகிறது. 1994-இல் வெளியான ஓர் ஆய்வு, இந்த நோயுள்ள குதிரைகளையே கண்காட்சி நடுவர்கள் கூடுதலாக விரும்பித் தேர்ந்தெடுத்தார்கள் என்று காட்டியது. இயற்கை கழித்திருக்கக்கூடிய ஒரு குறையை, அழகு என்று எண்ணி மனிதனே பெருக்கிவிட்டான்!

சிறு பண்ணைக்காரரின் நிலையை எண்ணிப் பாருங்கள். சேமிப்பையெல்லாம் போட்டு வாங்கிய பெட்டைக்கு இந்தக் குறை இருக்கிறது என்று தெரிகிறது. சொன்னால் குட்டிகள் விலைபோகா. சொல்லாவிட்டால், வாங்குபவர் ஏறிச் செல்லும்போது குதிரை சாயலாம். அந்தக் குதிரையின் மேல் இருப்பது ஒரு சிறுமியாகவும் இருக்கலாம். பலருக்கு இது பெரிய மனப்போராட்டமாக இருந்திருக்கும் என்பதில் ஐயமில்லை.

கணக்குக் காட்டிய வழி

வழி காட்டியது மெண்டலின் கணக்குத்தான். ஒவ்வொரு குட்டியும் தாயிடமிருந்து ஒன்றும் தந்தையிடமிருந்து ஒன்றுமாக இந்த மரபணுவின் இரு பிரதிகளைப் பெறுகிறது. அவற்றுள் ஒன்று குறையுடையதாயிருந்தாலே நோய் வரலாம். இரண்டும் குறையுடையவை என்றால் நோய் கடுமையாகும். அத்தகைய குட்டிகளுக்கு மூச்சுவிடுவதும் விழுங்குவதுங்கூடச் சிரமமாகலாம்.

ஒரு குறைப் பிரதி உடைய குதிரையைக் குறையற்ற குதிரையுடன் சேர்த்தால், சராசரியாக 2 குட்டிகளுள் 1 குறையின்றிப் பிறக்கும். ஒரு குறைப் பிரதி உடைய இரண்டைச் சேர்த்தால், 4 குட்டிகளுள் 1 இரு குறைப் பிரதிகளையும் பெறும். 2 ஒன்றைப் பெறும். 1 மட்டுமே தப்பும். ஆனால் குறையற்ற இரண்டைச் சேர்த்தால் நோய்க்கு இடமே இல்லை. அவை 'இம்ப்ரெசிவ்'வின் பேரப்பிள்ளைகளாயிருந்தாலும் சரிதான்! எந்தக் குட்டி எந்த வகை என்று 1992 முதல் ஒரு மரபணுச் சோதனையாலேயே அறிய முடிந்தது. ஒரே தலைமுறையில் நோயைத் தன் பண்ணையிலிருந்து ஒரு குடும்பம் நீக்கிவிடலாம். வம்சத்தைக் கைவிடவும் வேண்டியதில்லை.

நோயுள்ள குதிரைகளைக் காக்கவும் வழி பிறந்தது. நம் ஊர்க் கால்நடை வளர்ப்போர் நன்கு அறிந்த குதிரைமசாலில் பொட்டாசியம் மிகுதி. கரும்புச் சர்க்கரைப்பாகும் அப்படியே. சத்துள்ள தீவனம் என்று இவற்றைக் கொடுத்ததே பல குதிரைகளுக்குத் தீங்காய் முடிந்திருக்கிறது. இவற்றைக் குறைத்து, ஓட்ஸ் போன்றவற்றை வேளை தவறாமல் பிரித்துக் கொடுத்து, நாள்தோறும் நடமாட விட்டால் தாக்குதல்கள் குறையும். தேவையான குதிரைகளுக்கு மருத்துவர் மருந்தும் தருகிறார்.

சங்கம் 1996-இல் இதைப் பரம்பரைக் குறையாக ஏற்றுக்கொண்டது. 1998 முதல் அந்த வம்சக் குட்டிகளின் சான்றிதழில் எச்சரிக்கைக் குறிப்பு இடம்பெற்றது. 2007 முதல் பிறக்கும் குட்டிகளுள் இரு குறைப் பிரதிகள் உடையவற்றுக்குப் பதிவேட்டில் இடமில்லை என்று விதி வந்தது. ஆயினும் 2009-இல் வெளிவந்த ஓர் ஆய்வு, தலைக்கயிற்றுப் போட்டிக் குதிரைகளில் பாதிக்கு மேற்பட்டவை இந்த மரபணுவைச் சுமந்ததாகக் கூறியது. சோதனை வந்து 17 ஆண்டுகள் ஆன பின்னும் இந்த நிலை! பரிசு ஒரு பக்கம் இழுக்க, அறிவு மறுபக்கம் இழுத்தது என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

விஞ்ஞானம் செய்யக்கூடியது இவ்வளவே: எந்தக் குட்டிக்கு எது நேரும் என்று முன்கூட்டியே சொல்லிவிடும். சோதனைத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு, எந்தக் குதிரையை எதனுடன் சேர்ப்பது, வாங்க வந்தவரிடம் என்ன சொல்வது என்று முடிவு செய்யவேண்டியவர் பண்ணைக்காரர். அந்தத் தாளை மறைக்காமல் எடுத்து நீட்டிய குடும்பங்களின் லாயங்களில் இன்று குதிரைகள் நடுங்குவதில்லை.